பூனைக்கு இரண்டு மார்க்

எங்கள் அபார்ட்மென்ட்டில் பரீட்சைக் காலம் வந்துவிட்டால் மாடிப்படிக்கு மவுசு கூடிவிடும். வீட்டுக்குள் டி.வி. ஓடும், குக்கர் விசில் அடிக்கும், தம்பி கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவான். அதனால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படியைப் பிடித்துக்கொண்டு உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள். பால் பாக்கெட் வாங்க மூன்று மாடி இறங்கினால் வேதியியல், உயிரியல், குடிமையியல் என்று ஒரு முழு சிலபஸை இலவசமாகக் காதில் வாங்கிக்கொண்டு போகலாம்.

போன பிப்ரவரியில் ஒருநாள் அப்படி இறங்கும்போது, எதிர் ஃபிளாட் பெண் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஜ்னா பின்னணி. ஸ்பிரைட்னா அந்தப் பின்னணிக்கு மேல வர்ற கேரக்டர். ஸ்டேஜ்னா பின்னணி. ஸ்பிரைட்னா..."

"ஸ்கூல்ல நாடகமாம்மா?" என்றேன்.

"இல்ல அங்கிள், சயின்ஸ். கடைசி லெசன். ஸ்க்ராட்ச்."

"அதென்ன ஸ்பிரைட்? குடிக்கிறதா?"

"ஐயோ அங்கிள்! கேரக்டர். பூனை."

"எந்தப் பூனை?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். கம்ப்யூட்டர் திரையின் சின்னப் படம் ஒன்று. அதற்குள் இன்னும் சின்னதாக ஒரு பூனை.

"இதை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல அங்கிள். லேப்ல டைம் இல்லன்னுட்டாங்க. ரெண்டு மார்க்தான். வந்தா வரும்."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க அந்தப் பூனை மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம், 2019-ல் வந்தது. 23 பாடங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் முடிந்தபிறகு, கடைசி பெஞ்ச் மாணவன் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கிறது 'காட்சித் தொடர்பு' என்கிற பாடம். ஃபைல், ஃபோல்டர் என்று ஆரம்பித்து ஸ்க்ராட்ச்சில் வந்து முடிகிறது. வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பத்தாவது பரீட்சை எழுதுகிற மாநிலத்தில், கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு கருவியைப் பொதுப் பாடத்தில் வைக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்த யாரோவுக்கு ஒரு பெரிய கும்பிடு.

அடுத்த வருஷமே பிள்ளைகள் குரூப் குரூப்பாகப் பிரிந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்குப் பதினொன்றில் சி ப்ளஸ் ப்ளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று வழி இருக்கிறது. பயாலஜிக்குப் போகிற பெண்ணும், என்னை மாதிரி காமர்ஸுக்குப் போகிற பையனும், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகப்போகிறவனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது பத்தாவதோடு சரி. அத்தனை பேருக்கும் பொதுவாக ஸ்க்ராட்ச்சைக் காட்டுகிற கடைசி வாய்ப்பு அந்தப் பாடம்.

அந்த வாய்ப்பை என்ன செய்திருக்கிறோம்? பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைப் பாருங்கள். ஸ்க்ராட்ச் என்றால் என்ன, எடிட்டர் என்றால் என்ன, ஸ்டேஜ் என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன... எல்லாமே 'என்றால் என்ன' ரகம். நீச்சல் என்றால் என்ன, தண்ணீரில் கை காலை அசைத்து மிதப்பது நீச்சல் எனப்படும் என்று எழுதி இரண்டு மார்க் வாங்குவது போல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுப் பூனை எலி பிடிக்குமா?

அமிலமா காரமா என்று கண்டுபிடிக்க லிட்மஸ் தாளைக் கையில் கொடுக்கிறோம். செய்முறைத் தேர்வு வைத்து மார்க் போடுகிறோம். பூனைக்கு மட்டும் செய்முறை இல்லை.

ஸ்க்ராட்ச் என்றால் என்ன என்று நானும் ஒரு இரண்டு மார்க் பதில் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப்பில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவும் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. பைசா செலவில்லை. ரெஸ்னிக் ஆரம்பத்தில் 'பிசினஸ் வீக்' பத்திரிகையில் நிருபராக இருந்தவர் என்பதில் எங்கள் ஜாதிக்கு ஒரு சின்னப் பெருமை. டிஸ்க் ஜாக்கிகள் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதுச் சத்தம் உண்டாக்குவார்களே, அந்தத் தேய்ப்புக்குப் பெயர்தான் ஸ்க்ராட்ச். இருக்கிறதைக் கலைத்துப் போட்டுப் புதுசாக ஒன்று செய் என்று அர்த்தம்.

இதில் நிரலை டைப் அடிக்க வேண்டாம். '10 அடி நகரு', 'திரும்பத் திரும்பச் செய்', 'இது நடந்தால் அதைச் செய்' என்று கலர் கலராகக் கட்டைகள் இருக்கும். லெகோ மாதிரி ஒன்றோடொன்று பொருத்தினால் பூனை நடக்கும், குதிக்கும், மியாவ் என்னும். பூனை நிற்கிற மேடையின் அகலம் 480, உயரம் 360. நட்ட நடு சென்டர் பூஜ்யம். வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. கணக்கு வாத்தியார் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று போர்டில் கோடு போட்டபோது, மைனஸ் எதற்கு என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. பூனையை இடது பக்கம் அனுப்ப வேண்டுமானால் மைனஸ் வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை, அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். கூடவே எட்டு வயது தம்பியும் ஒட்டிக்கொண்டு வந்தான். எனக்கு ஸ்க்ராட்ச் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று.

மேலேயிருந்து ஆப்பிள் விழவேண்டும், கீழே பூனை ஓடிப் பிடிக்கவேண்டும், பிடித்தால் ஒரு பாயின்ட். இதுதான் விளையாட்டு. முக்கால் மணி நேரத்தில் கட்டைகளை அடுக்கிவிட்டாள். பச்சைக் கொடியை அமுக்கினாள். ஆப்பிள் விழுந்தது. பூனை பிடித்தது. ஸ்கோர் 13 என்றது.

"ஒரு ஆப்பிளுக்குப் பதிமூணு மார்க் போடுது அங்கிள்! எங்க மேத்ஸ் மிஸ் இப்படிப் போட்டா எவ்ளோ நல்லாருக்கும்!"

சிரித்தோம். ஆனால் ஏன் 13? அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமான 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' பலிக்கவில்லை. அவள் ஆப்பிளின் வேகத்தைக் குறைத்து, மெதுவாக விழவிட்டு, ஸ்கோரையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். திடீரென்று கத்தினாள்.

"பூனையைத் தொட்டுக்கிட்டே கீழ போகுது அங்கிள்! தொட்டா ஒரு மார்க்னு சொன்னோம். அது ஒவ்வொரு அடிக்கும் தொடுது. தொட்ட உடனே மேல அனுப்பிச்சிட்டா சரியாயிடும்!"

சரியாயிற்று. அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சென்டம் வாங்கினவர்கள் முகத்தில்கூட அந்தக் களை வராது. சென்டம் என்பது அடுத்தவர் கொடுப்பது. இது அவளாகக் கண்டுபிடித்தது.

அப்புறம் தம்பியை விளையாட விட்டோம். ஒரு நிமிஷம் ஆடினான். மவுஸை வைத்துவிட்டு, "போர்" என்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணிருக்கேன், போராடா உனக்கு?"

"ஆப்பிள் விழுந்துட்டே இருக்கு. நான் புடிச்சுட்டே இருக்கேன். பயமே இல்லியே!"

எட்டு வயது விமரிசகன். நான் இருபது வருஷமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறேன், இத்தனை கச்சிதமாக ஒரு சினிமா விமர்சனம் எழுதியதில்லை. அக்கா யோசித்தாள். ஆப்பிள்களுக்கு நடுவே ஒரு கல்லையும் விழவிட்டாள். கல் பட்டால் ஆட்டம் அவுட். தம்பி ஆடினான், மூன்றே விநாடியில் செத்தான். "ஏமாத்தற! தப்பிக்கவே முடியாத மாதிரி போடற!" என்று அழுகை. கல்லின் வேகத்தைக் குறைத்தாள். மூன்று உயிர் கொடுத்தாள். பத்து ஆப்பிளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றினாள். அன்று சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டபோது தம்பி எழுந்து போகவில்லை. விளையாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குப் பெயர்தான் கேம் டிசைன். கோடிங் என்பது ஆப்பிளை விழவைப்பது. டிசைன் என்பது தம்பியை எழுந்து போகாமல் உட்காரவைப்பது. ரொம்ப சுலபமாக இருந்தால் போர், ரொம்பக் கஷ்டமாக இருந்தால் அநியாயம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1980-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனியிலிருந்து 'பேக்-மேன்' வந்தது. அதை வடிவமைத்த டோரு இவாடானிக்கு அப்போது 25 வயது. அவர் புரோகிராமர் அல்ல, நிரல் எழுதியவர்கள் வேறு ஆட்கள். அன்றைய விளையாட்டுக் கூடங்களில் எங்கு பார்த்தாலும் வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பெண்களும் வருகிற மாதிரி ஒன்று செய்யவேண்டும் என்று யோசித்து, சுடுவதற்குப் பதில் சாப்பிடுவதைக் கருவாக எடுத்துக்கொண்டார். துரத்துகிற பேய்கள் நான்குக்கும் நான்கு குணம் வைத்தார். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகிற திசையில் நாலு கட்டம் தள்ளிக் குறி வைத்து மடக்கப் பார்க்கும். நாலும் ஒரே மாதிரி துரத்தினால் ஒரே வரிசையில் பின்னால் வந்துகொண்டிருக்கும், ஆட்டத்தில் சுவாரஸ்யம் இருக்காது. இதெல்லாம் கம்ப்யூட்டர் அறிவைவிட மனுஷனைப் பற்றிய அறிவு.

திரும்ப அந்தப் 13 மார்க்குக்கு வருகிறேன். தப்பு வந்ததும் அந்தப் பெண் பயப்படவில்லை, சிரித்தாள். இது சாதாரண விஷயமா? பத்து வருஷமாகச் சிவப்பு இங்கைப் பார்த்து நடுங்குகிற பிள்ளை அது. இதை முதலில் கவனித்துச் சொன்னவர் சீமூர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித மேதை. 1967-ல் நண்பர்களோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்கிற கணினி மொழியை உருவாக்கினார். அதில் பூனைக்குப் பதில் ஆமை, கோடு போட்டுக்கொண்டே நகரும். ரெஸ்னிக்கெல்லாம் இவர் வழியில் வந்தவர்தான். 1980-ல் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் சாரத்தை என் பாஷையில் சொன்னால் இதுதான்: பள்ளிக்கூடத்தில் விடை ஒன்று சரி, இல்லாவிட்டால் தப்பு. தப்பென்றால் அழித்துவிட்டு மறந்துவிட வேண்டும். நிரல் எழுதுகிறவனுக்கு அப்படியில்லை. முதல் தடவையே சரியாக ஓடும் நிரல் அபூர்வம். எனவே கேள்வி சரியா தப்பா என்பதல்ல, எங்கே இடிக்கிறது, எப்படிச் சரி செய்வது என்பதுதான்.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கம்ப்யூட்டர் அல்ல, டிரையல் பேலன்ஸ். பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் அடிவயிறு எப்படிக் கலங்கும் என்று. எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் சொல்லிக்கொடுத்த சூட்சுமம்: வித்தியாசத் தொகையை 9-ஆல் வகுத்துப் பார். மீதி இல்லாமல் வகுபட்டால், அனேகமாக எங்கேயோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கிறாய். பாதியாக்கிப் பார். அந்தத் தொகை கணக்கில் இருந்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கிறாய். தப்பு என்பது ஒரு தடயம், அதைப் பிடித்துக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான். இந்தப் புத்தியை ஸ்க்ராட்ச் பூனை பதினைந்து வயதிலேயே, ஆப்பிளைக் காட்டிக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். நல்ல மனுஷன், தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. பிள்ளைகள் இரண்டும் விளையாட்டைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், இந்த கேம் பண்றது, கோடிங்... இதையே நல்லாப் படிச்சா ஐ.டி.ல வேலை கிடைச்சுடுமா? ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் சொல்றாங்க. அறுபதாயிரம் ஆகும். லோன் கூடத் தர்றாங்களாம்."

இந்தக் கேள்வியை நான் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். 1999-ல், எங்கள் வீட்டு ஹாலில், என் அப்பா வாயிலிருந்து. நான் பி.காம். சேர்ந்திருந்த நேரம். ஊரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். படித்து முடித்ததும் நேரே அமெரிக்கா என்று போர்டு. ஃபீஸ் 18,000 ரூபாய். அம்மாவின் இரண்டு வளையல் பேங்குக்குப் போயிற்று. சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, ஆரக்கிள் என்று மாறி மாறி நோட்ஸ் எழுதினேன். 2001-ல் நான் சர்ட்டிஃபிகேட்டோடு வெளியே வந்தபோது அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன, போனவர்களே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வளையலை மீட்க அப்பாவுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. சர்ட்டிஃபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றதில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. மத்தியான நேரத்தில் சும்மா ஒரு விளையாட்டு எழுதினேன். கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் சொல்லும் எண் பெரிசா, சின்னதா என்று மட்டும் சொல்லும். ஆடி ஆடி நானாகவே ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழே கேள்வியில் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம். வாத்தியாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "எக்ஸாமுக்கு இது வராதுப்பா" என்றார். அன்று அதோடு மூடியவன்தான்.

அந்த போர்டு இன்று செல்போனுக்குள் வந்துவிட்டது. 2020-ல் வைட்ஹேட் ஜூனியர் விளம்பரங்களில் வந்த வுல்ஃப் குப்தாவை ஞாபகம் இருக்கிறதா? கோடிங் கற்று, மீசை முளைக்கும் முன்னே கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிய பையன். ஒரு விளம்பரத்தில் ஒரு வயசு, இன்னொன்றில் வேறு வயசு. சம்பளமும் ஆளுக்கு ஏற்ற மாதிரி ஏறி இறங்கும். கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு பையனே கிடையாது, கற்பனை. விளம்பரத் தரக் கவுன்சில் கேட்டுக்கொண்டபின் சில விளம்பரங்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த இல்லாத பையனோடு தன் பிள்ளையை ஒப்பிட்டு எத்தனை வீட்டில் எத்தனை திட்டு விழுந்ததோ!

விளையாட்டுத் துறையில் வேலை நிலவரத்தையும் பார்த்துவிடுவோம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம்ஸ் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அதே மாதம், உலகம் முழுக்க கேம் செய்யப் பயன்படும் யூனிட்டி மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனி 1,800 பேரை அனுப்பப்போவதாகச் சொன்னது. பிப்ரவரியில் சோனியின் ப்ளேஸ்டேஷன் பிரிவு 900. அவர்கள் எல்லோரும் கோடிங் தெரியாதவர்களா என்ன? போதாக்குறைக்கு 2022-ல் சாட்ஜிபிடி வந்தபிறகு, 'ஆப்பிள் பிடிக்கும் பூனை விளையாட்டு எழுதிக் கொடு' என்றால் நிமிஷத்தில் நிரல் வந்து விழுகிறது. பதினைந்து வயதில் கற்கும் கருவி இருபத்தைந்து வயதில் சோறு போடும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

'வேலைக்காகக் கற்றுக்கொடு' என்பதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. இங்கிலாந்து. 1981-ல் வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர் பள்ளிக்கூடங்களில் எல்லாம் இருந்தது. 1984-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு பேர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், அதில் 'எலைட்' என்கிற விண்வெளி வியாபார விளையாட்டைச் செய்தார்கள். அந்த கம்ப்யூட்டரின் நினைவகம் 32 கிலோபைட். காலையில் மாமா வாட்ஸப்பில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜா அதைவிடப் பெரிசு. அதற்குள் 8 பால்வீதிகள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். 2,048 கிரகங்களைச் சேர்த்து வைக்க இடம் ஏது? சேர்த்து வைக்கவே இல்லை. ஒரு கணக்குச் சூத்திரத்தை வைத்துத் தேவைப்படும்போது உண்டாக்கிக்கொண்டார்கள்!

அப்புறம் அந்த நாட்டுப் பள்ளிகளிலும் கம்ப்யூட்டர் பாடம் கடிதம் டைப் அடிப்பதாகவும் அட்டவணை போடுவதாகவும் சுருங்கிப்போயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்று கேம் கம்பெனிகள் கூப்பாடு போட்டன. 2011-ல் அந்தத் துறையின் ஜாம்பவான் இயன் லிவிங்ஸ்டனும், சினிமா கிராஃபிக்ஸ் துறையின் அலெக்ஸ் ஹோப்பும் அறிக்கை கொடுத்தார்கள். 2014 செப்டம்பரில் பாடத்திட்டமே மாறியது. ஐந்து வயதிலிருந்து கோடிங். உலகமே கை தட்டியது.

என்ன ஆயிற்று? கற்றுக்கொடுக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை, ஒரு பள்ளியில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்று 2017-லேயே ராயல் சொசைட்டி எச்சரித்தது. அங்கே நம்ம ஊர் பத்தாவதுக்குச் சமமான ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில், 2015-ல் பழைய கம்ப்யூட்டர் பாடத்தை எழுதியவர்களில் 100-க்கு 43 பேர் பெண்கள். பழைய பாடத்தை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் வைத்தபிறகு, 2023-ல் அதை எழுதியவர்களில் 100-க்கு 21. காரணங்கள் பல இருக்கலாம். எனக்குப் படுவது இதுதான்: இது அந்தத் துறைக்குப் போகப்போகிறவர்களுக்கான பாடம் என்று ஆகிவிட்டால், மற்றவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். நம்ம எட்டு வயது விமரிசகன் மவுஸை வைத்துவிட்டு எழுந்தானே, அந்த மாதிரி.

அந்த அப்பாவிடம் சொன்னேன். "சார், வேலைக்குன்னு அறுபதாயிரம் கட்டாதீங்க. லோன் போட்டு வேண்டவே வேண்டாம். அந்தப் பூனை இலவசம். வாரத்துல ரெண்டு மணி நேரம் விடுங்க, போதும்."

அவர் முழுசாக நம்பவில்லை. ஓசியில் கிடைப்பதில் என்ன இருக்கப்போகிறது என்கிற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவும் நம்பியிருக்க மாட்டார். பணம் கட்டினால்தான் பிள்ளைக்குச் செய்தோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் கம்பெனிக்காரர்கள் விற்கிறார்கள்.

பாடப் புத்தகம் தயாரிக்கிறவர்களிடம் கேட்பதற்கு எனக்குப் பெரிய பட்டியல் இல்லை. அந்தப் பாடத்தில் 'என்றால் என்ன' கேள்விகளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் செய்முறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது, பூட்டுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தால் போதும். கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் ஒரு பரமபத அட்டை போதும். இருபது நிமிஷத்தில் முடிகிற மாதிரி, ஆனால் தோற்கிறவனும் கடைசிவரை உட்காருகிற மாதிரி, பாம்பையும் ஏணியையும் மாற்றி வை என்று சொல்லுங்கள். அதுவும் கேம் டிசைன்தான். பிள்ளை செய்தது ஓடவில்லையா? மார்க்கைக் குறைக்காதீர்கள். ஏன் ஓடவில்லை என்று எழுதச் சொல்லி, அதற்கு மார்க் போடுங்கள்.

கதை முடிவைக் கேட்பீர்கள். மார்ச்சில் பரீட்சை நடந்தது. பூனை கேள்வி வந்ததா என்று கேட்டேன். "வரல அங்கிள்" என்றாள். ஜூனில் மாடிப்படியில் பார்த்தபோது கையில் புதுப் புத்தகங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

"காமர்ஸ் எடுத்துட்டேன் அங்கிள். சி.ஏ. பண்ணப்போறேன்."

அப்பாவின் முகத்தில் லேசான வருத்தம். இத்தனை நாள் பூனையோடு செலவழித்ததெல்லாம் வீண்தானே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி பத்து மணிக்குக் காலிங் பெல். டிரையல் பேலன்ஸ் நோட்டோடு நின்றாள். 27 ரூபாய் இடித்துக்கொண்டிருந்தது. 9-ஆல் வகுத்துப் பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சொல்லிடாதீங்க அங்கிள்! கால்குலேட்டர் மட்டும் குடுங்க. எங்க இடிக்குதுன்னு நானே பாத்துக்கறேன்."